பழுது ஹாரனில்தான்

இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். வருகிறது, வராமல் இல்லை. ஆனால் இதை ஹாரன் சத்தம் என்று சொல்வதற்கு மனசு வரவில்லை. சளி பிடித்த ஆடு செருமுவதுபோல ஒரு முனகல். எதிரே வருகிறவன் இதற்கு ஒதுங்குவானா, திரும்பித்தான் பார்ப்பானா. இன்று ஷட்டவுன். மாதத்தில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு லைன் வேலை பார்ப்பார்கள், காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். தெரு முழுக்கத் தறிகள் நின்றுவிட்டன. குமாரபாளையத்தில் ஒருவன் எதையாவது காதால் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் இந்த ஒரு நாள்தான் உண்டு. அதற்காகவே இந்த வேலையைத் தள்ளித் தள்ளி இன்றைக்கு வைத்திருந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தி, சாக்கை விரித்து, ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேடு, மீட்டர், உப்புத்தாள் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழுது ஹாரனில்தான் இருக்க வேண்டும். ஹாரனில் இல்லையென்றால் பேட்டரியில், பேட்டரியில் இல்லையென்றால் ஸ்விட்சில், ஸ்விட்சில் இல்லையென்றால் வயரில். இது எதிலுமே இல்லையென்றால் பழுது இருக்கக்கூடிய இடம் இன்னும் ஒன்றுதான் பாக்கி. அது என் தலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் பேட்டரி.

நான் தறி பிட்டர். அர்த்தநாரி என்றால் இந்தப் பக்கத்தில் எல்லா ஷெட்டிலும் தெரியும். தறி ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, ஊடுநூலைச் சுமந்துகொண்டு ஓடுகிற நாடா எந்தப் பக்கம் போய் இடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். மற்ற பிட்டர்கள் தறியை நிறுத்திக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள், நான் வாசல்படியில் நின்றபடி சொல்வேன். அதனால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். காதுதான் என் தொழில், கை எல்லாருக்கும் இருக்கிறது. அந்தக் காது போனால் நானும் மற்றவர்களும் ஒன்று. ஒன்றுகூட இல்லை, கண் மங்கி முட்டி வலிக்கிற ஒரு கிழவன், அவ்வளவுதான். கொஞ்ச நாளாகத் தறிச் சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஏன் அப்படி ஆரம்பித்தேன்? அதிர்வு கையில் தெரிகிறது, அதனால் ஆரம்பித்தேன். வேறு காரணம் இல்லை. பெரிய டாக்டர்கள்கூட கையைப் பிடித்துத்தானே பார்க்கிறார்கள். சைடு மூடியைக் கழற்றி மீட்டரின் சிவப்பு முனையையும் கருப்பு முனையையும் பேட்டரியில் வைத்தேன். பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. முகப்பு விளக்கைப் போட்டேன், பகல் வெளிச்சத்திலும் கண் கூசியது. இண்டிகேட்டர் துடிதுடித்தது. பேட்டரி நன்றாக இருக்கிறதே என்று உலகத்தில் யாராவது வருத்தப்பட்டிருப்பானா? நான் வருத்தப்பட்டேன்.

ஆரம்பம் அந்த பஸ். திருச்செங்கோடு ரோட்டில் திரும்பும்போது என் மனைவி வசந்தாமணி பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்துத்தான் திரும்பினேன். திடீரென்று அவள் நகம் என் தோளில் பதிந்தது, பக்கத்தில் ஒரு சுவர் நகர்ந்து போனது, அது சுவர் இல்லை பஸ் என்று புரிவதற்குள் அது எங்களைத் தாண்டியிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ திட்டினான். காது கேட்காதா என்றான். ரோட்டில் போகிற எல்லாரையும் எல்லாரும் இப்படித்தான் திட்டுகிறார்கள். நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், அவர்கள் எல்லாம் செவிடா? வீட்டுக்கு வந்ததும் வசந்தாவிடம் சொன்னேன், நம்ம வண்டியில் ஹாரன் சரியில்லை, நான் அடித்தது அந்த நாய்க்குக் கேட்கவில்லை என்று. அடித்தேனா? அடித்திருப்பேன். திரும்பும்போது கட்டை விரல் தானாகப் போகும். பஸ்காரன் அடித்தானா என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள், அவளுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் கால் வலி என்கிறாள், கால் வலிக்கிறவள் சந்தைக்கு நடந்தே போய் வருகிறாள்.

தறிகள் நின்றுவிட்டன என்று சொன்னேன். ஆனால் சத்தம் நிற்கவில்லை. எங்கோ ஒரு பத்துத் தறி ஓடிக்கொண்டே இருக்கிறது, தூரத்தில், சீராக. எவனோ ஜெனரேட்டர் போட்டு ஓட்டுகிறான், வசதி உள்ளவன். யார் அது என்று எழுந்து போய்ப் பார்த்தேன். எதிர்த்த ஷெட் பூட்டியிருந்தது, அங்கே வேலை செய்கிறவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஷெட்டும் பூட்டு. அதற்கடுத்ததும். எவன் ஜெனரேட்டர் ஓட்டுகிறான் என்று சீட்டாடுகிறவர்களிடம் கேட்டேன். எந்த ஜெனரேட்டர் என்றார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். காதை இரண்டு விரலாலும் அடைத்தேன். சத்தம் நிற்கவில்லை, இன்னும் தெளிவாகக் கேட்டது. விரலை எடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டேன், வேலை கிடக்கிறது.

சாட்சி இல்லாமலா நான் ஹாரனைக் குறை சொல்கிறேன். போன வாரம் பூராவும் விசாரித்துவிட்டேன். வசந்தாவின் தம்பி சென்னியப்பன் வந்திருந்தான், வண்டியைத் தெருவில் நிறுத்தி அழுத்திக் காட்டினேன். "ஆமாங் மாமா, கம்மியாத்தான் இருக்குது. செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்காது" என்றான். ஷெட் முதலாளியிடம் அழுத்திக் காட்டினேன், "என்னங் அர்த்தநாரி, வண்டிக்குத் தொண்டை கட்டிருச்சா" என்று சிரித்தார். டீக்கடையில் நின்ற நாலைந்து பேரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு நிம்மதி. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஆனால் இப்போது இந்த வெயிலில் சாக்கின்மேல் உட்கார்ந்து யோசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. சென்னியப்பன் யார்? பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து தறி ஓட்டுகிறவன். முதலாளி யார்? தறிக் கொட்டகையில் தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை. டீக்கடையில் நின்றவன் ஒவ்வொருவனும் ஷிப்ட் முடிந்து வந்தவன், தலையில் பஞ்சுகூட உதறவில்லை. டீக்கடைக்காரனே தறியை விற்றுத்தான் கடை வைத்தான். ஊரில் எல்லாருக்கும் ஒரே கண்ணாடியைப் போட்டுவிட்டு, வானம் என்ன நிறம் என்று ஒவ்வொருவனாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன். இப்படி ஒரு விசாரணையை இந்த ஊர்க்காரனைத் தவிர வேறு எவனாவது நடத்துவானா. எனக்குச் சிரிப்பு வந்தது, வாய்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

சரி, ஹாரனுக்கு நேராக மின்சாரம் கொடுத்துப் பார்ப்போம். இதுதான் முறை. ஸ்விட்ச், வயர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து ஹாரனின் இரண்டு காதிலும் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். கணீரென்று கத்தினால் குற்றம் வயரில், அப்போதும் முனகினால் குற்றம் ஹாரனில். ஹாரனுக்கும் காது என்றுதான் சொல்கிறோம், பார். வைத்தேன். பொறி பறந்தது. முனகியது. அப்பாடா, ஹாரன்தான். பின்னால் இருக்கும் சின்ன ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பினால் சத்தம் கூடும், குறையும். திருப்பினேன், வைத்தேன். இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். தகடு விரலில் துடிக்கிறது, நன்றாகவே துடிக்கிறது, இவ்வளவு துடிக்கிற தகடு இவ்வளவு சின்ன சத்தம் போடுமா. போடும். பழைய ஹாரன், மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும். இதற்குத்தான் நேற்றே புது ஹாரன் வாங்கி வைத்திருக்கிறேன். அட்டையைப் பிரித்தேன். சிவப்புப் பூச்சு மினுமினுத்தது. அதே இரண்டு வயரை அதே மாதிரி வைத்தேன். அதே முனகல்.

புது ஹாரன், நல்ல பேட்டரி, நடுவில் ஒன்றுமே இல்லை. இதற்குமேல் சோதிக்க என்ன இருக்கிறது. தறியில் இப்படி ஒரு சோதனை செய்திருந்தால் அந்த இடத்திலேயே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பேன், தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. புதுசு என்றால் நல்லது என்று யார் சொன்னது. இப்போதெல்லாம் எல்லாம் டூப்ளிகேட். அட்டையில் பெரிய பெயரைப் போட்டு உள்ளே தகர டப்பாவை வைத்து விற்கிறான். இன்னொரு தடவை வைத்தேன். நீளமாக. விட்டு விட்டு. கை மரத்துப்போகிறவரை வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நிமிர்ந்தபோது மாடிப்படியில் செலின் நின்றுகொண்டிருந்தாள்.

செலின் மேல்வீட்டில் குடியிருக்கிறவள். தூத்துக்குடிப் பக்கம், இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலை கலைந்து, கண் சிவந்து, கடைசிப் படியில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, கொஞ்ச நேரம் நிறுத்துவியளா? ராத்திரி டூட்டி பாத்துட்டு இப்பந்தான் வந்து கண்ண மூடுனேன். காதுக்குள்ளயே வந்து அடிக்கி." அண்ணாச்சி என்று கூப்பிடாதே, நான் என்ன மளிகைக்கடையா வைத்திருக்கிறேன் என்று பலமுறை சொல்லியாயிற்று. இன்றைக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. "சத்தமே வரலீன்னுதானம்மா ரிப்பேர் பண்ணீட்டு இருக்கறன்" என்றேன். "வரலியா?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். முகத்தை இல்லை, முகத்தின் ஓரத்தை. ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பைத் தேடுகிற பார்வை. "அண்ணாச்சி, ஒரு நா ஆஸ்பத்திரிக்கு வாங்களேன். எங்க காது மூக்கு டாக்டர் நல்லாப் பாப்பாரு." "ஹாரனுக்கு எதுக்கம்மா டாக்டர்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் படியேறினாள்.

அவள் திரும்பியதும் பேச்சு நின்றது. ஆனால் அவள் பேச்சை நிறுத்தவில்லை. பின்னாலிருந்து பார்க்கும்போதே தெரிந்தது, தலை அசைகிறது, ஒரு கை படிக்கட்டின் சுவரைப் பிடித்திருக்க இன்னொரு கை ஏதோ விளக்குகிறது, நாலு படி ஏறும்வரை பேசிக்கொண்டேதான் போகிறாள். ஒரு சொல்கூட வரவில்லை. முகம் இருந்தபோது குரல் இருந்தது, முகம் போனதும் குரலும் போய்விட்டது. தறிக்கொட்டகையில் யாரும் வாயால் பேச மாட்டார்கள். பேசினால் கேட்காது. உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். இந்தக் கோடித் தறியிலிருந்து அந்தக் கோடித் தறிக்குப் பெண்கள் ஒரு கல்யாணத்தையே பேசி முடிப்பார்கள், சத்தம் துளி இருக்காது. நானும் அப்படிப் படித்தவன்தான், எழுத்தைப் படிக்கும் முன்னால் உதட்டைப் படித்தேன். அந்தப் பழக்கத்தைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வருவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில், ரோட்டில், வீட்டில் எல்லாம் காதால்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த பஸ் டிரைவர் சொன்னது எனக்குக் கேட்டதா, தெரிந்ததா? வசந்தா சமையல்கட்டிலிருந்தபடியே என்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று? கூப்பிடுவதே இல்லை. எழுந்து வருகிறாள், தோளைத் தொடுகிறாள், எதிரில் வந்து நின்று பேசுகிறாள். வயசாக ஆக அன்பு கூடிவிட்டது என்று நான் நினைத்தேன். ஒரு நாள் அதைச் சொல்லிக் கேலிகூடச் செய்தேன். அவள் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

போன் வேறு. மகள் கோகிலவாணி பெங்களூரில் இருக்கிறாள், கட்டிக்கொடுத்து அனுப்பினோம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும், நானே அதட்டியிருக்கிறேன். போனபிறகு அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போகிறது. "நல்லா இருக்கறனுங்ப்பா" என்கிறாள், கிணற்றுக்குள்ளிருந்து சொல்வதுபோல. முதலில் போனைக் குறை சொன்னேன், வேறு போன் வாங்கினேன். பிறகு டவரைக் குறை சொன்னேன். பிறகு எனக்கு வேறு ஒரு பயம் வந்தது. பிள்ளை அங்கே என்ன பாடுபடுகிறாளோ, பக்கத்தில் மாமியார் நிற்கிறாளோ, மெதுவாகப் பேசு என்று சொல்லிவைத்திருக்கிறார்களோ. மாப்பிள்ளையின் முகத்தைக் கல்யாண போட்டோவில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். உதடு மெல்லிய ஆள், அழுத்தக்காரன். வசந்தாவை அனுப்பினேன், ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து, "அவ ராணியாட்ட இருக்கறாளுங்க, நீங்க எதுக்குக் கண்டதையும் நெனைக்கறீங்க" என்றாள். நம்பவில்லை. தாயும் மகளும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது கணக்கு வேறு மாதிரி வருகிறது. என் காது போயிருந்தால் என் பிள்ளை அங்கே நன்றாக இருக்கிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள், எனக்குத்தான் அது வந்து சேரவில்லை. என் காது நன்றாக இருந்தால் அவள் குரல் நிஜமாகவே தேய்ந்துவிட்டது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் எதைச் சொல்வது. அப்பன் என்றால் உடனே சொல்ல வேண்டும். நான் உடனே சொல்லவில்லை. கையில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவும் தறிக்காரர்தான். கடைசிக் காலத்தில் யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். சாப்பிட்டீங்களா என்றால் சிரிப்பு, மழை வருது உள்ள வாங்க என்றால் சிரிப்பு. பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தது, யாரோ வந்து சொன்னார்கள், அப்பா முகம் நிறையச் சிரித்தார். வந்தவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். கெட்டவர் இல்லை, எல்லாரும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நல்ல மனுஷன் என்று ஆவது எவ்வளவு சுலபம், ஒன்றும் கேட்காமல் இருந்தால் போதும். கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார், எவராவது சிரித்தால் கொஞ்சம் தாமதித்து அவரும் சிரிப்பார். அந்தத் தாமதம்தான் எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. போன வாரம் முதலாளி வீட்டில் எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். எதற்கென்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. சாவைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வயரைப் பார்க்கலாம், இன்னும் வயர் பார்க்கவில்லை.

நேராகக் கொடுத்தபோதும் இதே முனகல்தானே, பிறகு வயரில் என்ன வந்தது என்று உள்ளே ஒருவன் கேட்டான். அவனை யார் இங்கே கூப்பிட்டது. புது ஹாரனை மாட்டி, ஸ்விட்சைப் பிரித்தேன், உள்ளே பித்தளைத் துண்டில் கருப்பு ஏறியிருந்தது, உப்புத்தாளால் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. முகப்பு விளக்கைக் கழற்றி, உள்ளே குடல்போலச் சுருண்டிருக்கிற வயர்களில் ஹாரன் வயரை மட்டும் பிடித்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஹேண்டில் திரும்புகிற கழுத்து இருக்கிறது பார், அங்கே வந்ததும் விரல் நின்றது. தோல் உரிந்திருந்தது. ஹேண்டில் திரும்பத் திரும்ப இரும்பில் உரசி, ரப்பர் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து, ஒவ்வொரு இழையாக அறுந்து, இரண்டோ மூன்றோ இழைதான் பாக்கி. மீட்டரை வைத்தேன், ஹாரன் முனையில் ஒன்பதுக்குமேல் ஏறவில்லை. இதோ. இதுதான். பன்னிரண்டு வர வேண்டிய இடத்துக்கு ஒன்பது வந்தால் எந்த ஹாரன்தான் கத்தும். பாவி வயரே, உன்னால் நான் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். அந்தப் பச்சையை நகத்தால் சுரண்டும்போது அதைக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. வெட்டினேன், சீவினேன், முறுக்கினேன், டேப் சுற்றினேன், ஒரு சுற்றுக்கு மூன்று சுற்றாகச் சுற்றினேன். மீட்டரில் பன்னிரண்டு வந்தது. செலின் தூங்கினால் தூங்கட்டும், எழுந்தால் எழட்டும். அழுத்தினேன்.

கூடியிருக்கிறதா? கூடியிருக்கிறது. முன்பைவிடக் கூடியிருக்கிறது. கூடாமலா இருக்கும், ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் இல்லையா. ஆனால் நான் அதன் மூக்கருகில் உட்கார்ந்திருக்கிறேன், விரலில் வேறு அதிர்வு ஏறுகிறது, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தறிக்கும் அப்படித்தான், பக்கத்தில் நிற்பவனுக்கு அதன் குறை தெரியாது, கொட்டகைக்கு வெளியே வந்து நின்று கேட்க வேண்டும். "வசந்தா" என்று கூப்பிட்டேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இந்தா, இந்த பட்டன்தான். நான் முக்குல தண்ணித் தொட்டிகிட்டப் போயி நின்னுட்டுக் கையத் தூக்கறன். அப்ப அழுத்து. உட்டு உட்டு அழுத்து" என்றேன். "இப்ப நல்லாத்தான் கேக்குதுங்க. உடுங்க, வெயில்ல எதுக்குப் போறீங்க" என்றாள். "நீ சொல்லாத. எனக்குக் கேக்கோணும்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வண்டிப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

நடந்தேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன், பார்த்தால் தைரியம் போய்விடும். வேப்பமரத்தடியில் சீட்டாடுகிறவர்கள் என்னையும் எங்கள் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள், பார்க்கட்டும், அர்த்தநாரி ஹாரன் ரிப்பேர் செய்கிறான், பார்க்க என்ன இருக்கிறது. வெயில் மண்டையில் இறங்கியது. அந்தப் பத்துத் தறி தலைக்குள் ஓடிக்கொண்டே வந்தது. கேட்காவிட்டால் என்ன செய்வேன். கேட்காவிட்டால் செலினிடம் போக வேண்டும், ஒரு டப்பாவுக்குள் உட்காரவைப்பார்களாம், காதுக்குப் பின்னால் ஒரு மிஷினை மாட்டுவார்களாம், மாட்டிக்கொண்டு எந்த ஷெட்டுக்குள் போக. அடுத்த நாளே ஊருக்குத் தெரிந்துவிடும். காது கேட்காத பிட்டரைக் கூப்பிடுவதற்கு அவர்களுக்கென்ன பைத்தியமா. தொட்டி வந்துவிட்டது. திரும்பினேன். தூரத்தில் வண்டியும் அவளும் சின்னதாகத் தெரிந்தார்கள். கையைத் தூக்கினேன். அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள். அழுத்துகிறேன் என்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

வந்தது. வந்துவிட்டது. சன்னமாக ஆரம்பித்து, தறிச்சத்தத்தைக் கிழித்துக்கொண்டு, தெளிவாக, கணீரென்று வந்தது. நின்றது. திரும்பவும் வந்தது. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கடவுளே, கேட்கிறது. என் காது இருக்கிறது. மூன்றாவது தடவையும் வந்தது, அதை நான் முழுக்க, கடைசித் துளிவரை கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. நாளைக்கு எல்லா ஷெட்டுக்கும் போவேன், வாசல்படியில் நின்றே சொல்வேன், கையை வைக்க மாட்டேன். பத்தடி நடந்த பிறகுதான் கோகிலா ஞாபகம் வந்தது. அப்படியானால் அவள் குரல்? என் காது நன்றாக இருக்கிறது என்றால் அவள்? இரு, அவசரப்படாதே, பெங்களூருக்கு நாளைக்கே கிளம்பலாம், நேரில் உட்காரவைத்துக் கேட்கலாம், மாப்பிள்ளையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம். சந்தோஷமும் பயமும் சேர்ந்து என்னைத் தள்ளிக்கொண்டு வந்தன. சீட்டாடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தேன்.

வசந்தா வாசலுக்கு வெளியே, பாதித் தெருவரை வந்து நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"நல்லாக் கேட்டுச்சு வசந்தா. தொட்டிகிட்ட நிக்கறப்பவே கணீர்னு கேட்டுச்சு. மூணு தடவ அழுத்துனயல்ல?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தாள். கையை நீட்டிப் பையைத் தொட்டாள்.

"சாவி உங்ககிட்ட இருக்குதுங்க. நீங்க உருவீட்டுப் போயிட்டீங்க. சாவியில்லாம நான் எங்கிருந்து அழுத்தறது?" அவள் உதடு ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகச் சொன்னது. "நானும் கூப்புட்டனுங்க. தொண்ட கிழியக் கூப்புட்டன். சீட்டாடறவிங்க எல்லாந் திரும்பிப் பாத்தாங்க. மாடியில அந்தப் புள்ள எந்திரிச்சு வந்துருச்சு. நீங்கதான் திரும்பவே இல்லீங்க."

பைக்குள் கைவிட்டேன். சாவி சூடாக இருந்தது. எடுத்து அவள் கையில் வைத்தேன், அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இருந்தாலும் வைத்தேன். அவள் விரல்களை மூடிக்கொண்டாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அந்தத் துணிக்குப் பின்னால் அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.